எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஒரே பள்ளி: முழுச் சுற்று முடித்த ஒரு அம்மாவின் அனுபவம்

என் மகளை 2011 ஜூனில், திருச்சியில் உள்ள ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். 2025 மார்ச்சில் அதே பள்ளியில் பிளஸ் டூ எழுதி முடித்தாள். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லப்போகும் குறைகளில் பாதி ஊருக்கு நாலு பள்ளிக்காவது பொருந்தும்.

"எல்.கே.ஜி. டு பிளஸ் டூ" என்ற போர்டைப் பார்த்ததும், ஒருமுறை சீட் வாங்கிவிட்டால் அப்புறம் அலைச்சலே இல்லை என்று தோன்றும். எங்களுக்கும் அதுதான் காரணம். ஆனால் ஒரே பள்ளி என்பது போர்டில்தான். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, ஆறிலிருந்து எட்டு வரை இன்னொன்று, ஒன்பதுக்கு மேல் முற்றிலும் வேறொன்று. கேட்டும் யூனிஃபார்மும் மட்டும்தான் பொது. சேர்க்கப் போகும் அன்று நமக்குச் சுற்றிக் காட்டுவது முதல் பள்ளியை மட்டும்.

அந்த முதல் பள்ளியைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. கே.ஜி. மிஸ்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தவர்கள். எந்தக் குழந்தை சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறது என்பது ஆயாவுக்குத் தெரியும். 2012-13இல் முப்பருவ முறை வந்து புத்தகங்களைப் பிரித்துக் கொடுத்ததால், அவள் ஒன்றாம் வகுப்புக்கு வந்தபோது பையும் அவ்வளவாகக் கனக்கவில்லை. நாங்கள் சேர்த்த வருடம் மெட்ரிக்கா, ஸ்டேட் போர்டா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சமச்சீர் கல்வி உறுதியானதும் இரண்டுக்கும் ஒரே பாடப்புத்தகம் என்றாகிவிட்டது. விவாதமும் தானாக முடிந்தது. மெட்ரிக் என்ற பெயருக்கும் ஆங்கில வழிக்கும்தான் பணம் கட்டுகிறோம் என்று என் கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முழுக்க மறுக்க முடியவில்லை.

யாரும் கவனிக்காத இடம் ஆறு, ஏழு, எட்டு. விளம்பரத்துக்குக் கே.ஜி. வேண்டும், ரிசல்ட்டுக்குப் பத்தும் பன்னிரண்டும் வேண்டும். நடுவில் இருக்கும் பிள்ளைகளால் பள்ளிக்கு இரண்டு வகையிலும் பெயர் வராது. பி.எட். முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்தவர்களை அங்கே போடுவார்கள். கொஞ்சம் நன்றாகப் பாடம் எடுக்கிறார் என்று தெரிந்தால் பத்தாம் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள், இல்லையென்றால் அவரே வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார். என் மகள் ஆறாவது வந்த 2018-19இல்தான் அந்த வகுப்புக்குப் புதிய பாடத்திட்டமும் வந்தது. கியூ.ஆர். கோடு எல்லாம் வைத்து அழகான புத்தகங்கள். அறிவியல் பாடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அந்த வருடம் கணக்குக்கு மட்டும் காலாண்டுக்குள் ஒரு மிஸ், அரையாண்டுக்கு ஒரு மிஸ், அப்புறம் ஒரு சார். பின்னங்களில் அவளுக்கு வந்த தடுமாற்றம் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவரை கூடவே வந்தது.

அதைவிட எரிச்சல் தந்தது இன்னொன்று. ஒரே பள்ளியில் இருந்தால் பிள்ளைக்கு ஒட்டிய முத்திரையும் கூடவே மேல் வகுப்புக்கு வரும். "கணக்குல கொஞ்சம் வீக்" என்ற பேச்சு ஸ்டாஃப் ரூம் வழியாக அடுத்த மிஸ்ஸுக்குப் போய்விடும். புதுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் புதிதாகத் தொடங்கும். இவளுக்கு ஒவ்வொரு ஜூனும் பழைய கணக்கிலிருந்துதான் தொடங்கியது.

ஆனால் இதே பரிச்சயம் கொரோனா சமயத்தில் பெரிய துணையாக இருந்தது. எட்டாம் வகுப்பு முழுக்க ஃபோனிலேயே போய், 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோது பல பிள்ளைகள் பேசவே கூச்சப்பட்டார்கள். இவளுக்கு எல்லாம் தெரிந்த முகங்கள். இவளை எல்.கே.ஜி.யில் பார்த்த பி.டி. மாஸ்டர், மெலிந்துபோயிருக்கிறாள் என்று கவனித்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார். புதிய பள்ளியில் யார் கவனித்திருப்பார்கள்?

இனி அந்த மூன்றாவது பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டு முடிந்ததுமே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டது. மாலை ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட். வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த சிலரின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல்ல போட்டா பையனுக்கு பிரஷர் இருக்காது" என்று அன்பாகச் சொல்லி டி.சி. கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பேனர் எப்படித் தயாராகிறது என்று அப்போதுதான் அருகிலிருந்து பார்த்தேன்.

அடுத்த கதவு பிளஸ் ஒன். எல்.கே.ஜி. சேர்க்கும்போது, "நம்ம ஸ்கூல் பிள்ளைங்க வெளியே போக வேண்டியதே இல்ல" என்றவர்கள், 2023இல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது, "கட் ஆஃப் இருந்தா பார்க்கலாம் மேடம்" என்றார்கள். ஃபர்ஸ்ட் குரூப்புக்கு ஒரு கட் ஆஃப், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேறொரு கட் ஆஃப். வெளிப் பள்ளிகளிலிருந்து வந்த அதிக மார்க் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையோடு சீட். என் மகளுக்கு அக்கவுண்டன்சி மேல்தான் ஆசை. காமர்ஸுக்கு இருந்தது ஒரே செக்ஷன், அதுவும் மற்ற குரூப்பில் இடம் கிடைக்காதவர்களை உட்கார வைக்கும் இடமாகவே நடந்தது. வரலாறு குரூப் கிடையவே கிடையாது. கடைசியில் அவள் காமர்ஸே எடுத்தாள். பாதிப் பாடத்துக்கு வெளியே டியூஷன் வைத்தோம்.

பிளஸ் ஒன் பாடத்தைப் பள்ளிகள் ஒதுக்கிவிட்டு நேராகப் பிளஸ் டூ நடத்துகின்றன என்ற புகாரால்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. என் மகள் செட் 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிக் களைத்தது. 2025-26இலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுதாக நடக்கிறதா என்று இனிப் பெற்றோர்தான் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், பலர் சேர்க்கும்போது யோசிப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். பள்ளி பிளஸ் டூ வரை இருந்தாலும் ஒன்பதில் முழுக் கட்டணம். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அப்படி ஆனபோது, அவன் அப்பா யோசிக்காமல் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினார். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆர்.டி.இ.யில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போனவர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. கட்டணம் கட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடியும்போதே முடிவெடுக்க வேண்டும்.

கட்டணம்? எல்.கே.ஜி.யில் கட்டியதுபோல் நாலு மடங்குக்கு மேல் பிளஸ் டூவில் கட்டினோம். ஒவ்வொரு சுயநிதிப் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டண நிர்ணயக் குழு தொகை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகைக்கு ஒரு ரசீது, ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி என்று மீதிக்கு இன்னொரு சீட்டு. இரண்டையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும்.

தூரத்தை எல்.கே.ஜி. கணக்கில் பார்க்காதீர்கள். பள்ளி பஸ் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும், ஸ்பெஷல் கிளாஸ் ஆறரைக்கு முடியும். கடைசி நாலு வருடம் அவளை அழைத்துவர தினமும் ஸ்கூட்டரில் போனது நான்தான்.

இப்போது யாராவது கேட்டால், கே.ஜி. பிளாக்கைப் பார்த்தது போதும், பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேரிடம் பேசுங்கள் என்பேன். பத்தாவது முடித்தவர்களில் எத்தனை பேர் அங்கேயே பிளஸ் ஒன் சேர்ந்தார்கள், எந்தெந்த குரூப் உண்டு, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். ஆபீஸில் சரியான பதில் கிடைக்காது. மாலை கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்களிடம் கிடைக்கும்.

மகன் அதே பள்ளியில் இப்போது நாலாவது படிக்கிறான். ஐந்து முடிந்ததும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்ப்பதாக இருக்கிறோம். அக்காவின் பழைய மிஸ்களை விட்டு வரமாட்டேன் என்று அவன் இப்போதே பிடிவாதம் பிடிக்கிறான்.