ஹெலி என்று சொல்லி விமானத்தை விற்றார்கள்: சிமுலேட்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

பொங்கலுக்கு அடுத்த கிழமை 41,000 ரூபாய் எண்ணிக் கொடுத்து நான் வாங்கிய ஹெலிகொப்டர், ஹெலிகொப்டரே இல்லை. கொம்பியூட்டருக்குள் ஓடுகிற ஹெலிதான், ஆனால் கொடுத்த காசு உண்மைக் காசு. யாழ்ப்பாணத்தில் இதை விற்ற கடை இன்றைக்கும் அதே வீடியோவைப் போட்டு அதே சாமானை விற்றுக்கொண்டிருக்கிறது. கடையின் பெயரை எழுத மாட்டேன். முறைப்பாடு போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும். எப்படிப் பேய்க்காட்டுகிறார்கள், நீங்கள் அதை எப்படிப் பிடிக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் வீட்டில் இருப்பது மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு. கொரோனா நேரத்தில் வாங்கியது. பலாலியில் இருந்து செஸ்னாவில் கிளம்பி நெடுந்தீவு வரை போய்த் திரும்புவதுதான் பொழுதுபோக்கு. தொடக்கத்தில் அந்த சிமுலேட்டருக்கு ஹெலி என்றால் என்னவென்றே தெரியாது. 2022 நவம்பரில் வந்த அப்டேட்டில்தான் கப்ரி ஜி2, பெல் 407 என்று இரண்டு ஹெலிகளைச் சேர்த்தார்கள். மேலதிகக் காசு இல்லை. அந்தக் கப்ரியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். பத்து விநாடி அந்தரத்தில் நிறுத்த முடியவில்லை. ஒன்றில் வாலால் புல்லை உழும், இல்லாவிட்டால் குப்புற விழும். என்னில்தான் பிழை என்று தெரியும், ஆனாலும் அலுத்துவிட்டது.

அதோடு எனக்கு வேண்டியிருந்தது பெல் 212. இங்கே வளர்ந்த என் வயதுக்காரருக்கு அது எந்த ஹெலி என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. பங்கருக்குள் இருந்து நாங்கள் அண்ணாந்து பார்த்த ஹெலிகளில் ஒன்று. "அதுக்குப் பயந்து ஓடினவனுக்கு இப்ப அதை ஓட்ட ஆசையோ?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சின்ன வயதில் பயந்த சாமானை ஒருக்கால் கையில் பிடித்துப் பார்க்கிற ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் முகநூலில் அந்த வீடியோ வந்தது. "பெல் 212, அச்சு அசல், கொலெக்டிவ் பிடியோடு." ஹெலியை மேலே எழுப்பி இறக்குகிற பிடிதான் கொலெக்டிவ். நேரே போனேன். மாடிப்படி, கண்ணாடிக் கதவு, ஏசி, மூன்று பெரிய திரைகள். கடைக்காரத் தம்பி நல்ல மரியாதையான பிள்ளை. கதிரையைத் துடைத்துத் தந்தார். பிறகு அவரே இருந்து ஹெலியை எழுப்பினார். அது ஆறடி உயரத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. தம்பி இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஹெலி அசையவில்லை.

"பாத்தியளே அண்ணை, எவ்வளவு ஸ்டெடி? இது ஸ்டடி லெவல், உண்மை ஹெலி மாதிரியே நடக்கும். வெளிநாட்டில பைலட்மாரே இதிலதான் பழகீனம்."

கப்ரியோடு ஒரு மாதம் பட்ட பாடு கண்முன்னே வந்தது. தரமான சாமான் என்றால் இப்படித்தான் நிற்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கையை விட்டால் ஹெலி நிற்காது. இந்த ரக ஹெலியை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருக்கிற பைலட்டின் இரண்டு கையும் இரண்டு காலும் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. தேத்தண்ணி குடித்த அந்த நிமிடத்திலேயே நான் எழும்பி வந்திருக்க வேண்டும்.

அட்-ஒன், அதாவது சிமுலேட்டருக்குள் புதிதாகச் சேர்க்கிற அந்த ஹெலி, 24,500. கொலெக்டிவ் பிடி 16,500. பில்லில் "கேம் சாமான் - 1" என்று மட்டும் எழுதினார்கள். நானும் கேட்கவில்லை.

முதலில் பிழை பிடித்தது அம்மா. நான் அறைக்குள் ஹெலியை ஸ்டார்ட் பண்ண, அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் சத்தம் எழும்பியதும் துருவுகிற சத்தம் நின்றது. கையில் பாதித் தேங்காயோடு கதவடிக்கு வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"இதென்ன, கிரைண்டர் மாதிரிக் கிடக்கு?"

"ஹெலியம்மா. பெல்."

"ஹெலி எண்டா தூரத்தில வரேக்கையே டப் டப் எண்டு நெஞ்சில அடிக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினனான், எனக்குத் தெரியாதே?"

சொல்லிவிட்டுத் திரும்பத் துருவப் போய்விட்டார். பெல் 212க்கு மேலே அகலமான இரண்டே இரண்டு தகடுகள்தான். ஒரு தகடு கிளப்பிவிட்ட காற்றுச் சுழியை மற்றத் தகடு வந்து வெட்டும்போது வருவதுதான் அந்த அடி. அம்மாவுக்கு அந்த விஞ்ஞானம் தெரியாது, சத்தம் தெரியும். நான்தான் கேட்கவில்லை, சத்தம் ஒரு சின்ன விசயம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மொன்றியலில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் எடுத்தார். அண்ணாவுக்கு இந்த விளையாட்டில் என்னைவிட இருபது வருசப் பழக்கம். பெருமையாகக் கமராவைத் திரைப்பக்கம் திருப்பினேன். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார்.

"உதவி செட்டிங் எல்லாம் நிப்பாட்டியிருக்கோ?" ஓட்டுவதைச் சுலபமாக்க சிமுலேட்டர் தருகிற உதவிகளைத்தான் கேட்டார்.

"ஓம்."

"அப்ப பெடலில காலை வைக்காதை. கொலெக்டிவ்வைத் தூக்கு. மூக்கு எந்தப் பக்கம் போகுது?"

"ஒரு பக்கமும் போகேல்லை."

"டோர்க் முள்ளு?"

பார்த்தேன். முள் 40இல் ஒட்டின மாதிரி நின்றது. கொலெக்டிவ்வை முழுக்கத் தூக்கினாலும் 40, முழுக்க இறக்கினாலும் 40.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கொலெக்டிவ் என்பது இடது கைப்பக்கம் இருக்கும் பிடி. அதைத் தூக்கினால் மேலே சுழலும் தகடுகள் எல்லாம் ஒரேயடியாகச் சரிவு கூடி அதிக காற்றைக் கீழே தள்ளும், ஹெலி எழும்பும். தள்ளுவதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும், அதைக் காட்டுவதுதான் டோர்க் முள். எஞ்சின் தகடுகளை ஒரு பக்கம் முறுக்க, உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். பெல் ஹெலிகளில் தகடுகள் மேலிருந்து பார்த்தால் வலமிருந்து இடமாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். ஆகவே கொலெக்டிவ்வைத் தூக்கியதும் மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது பெடலை மிதித்து அதைப் பிடிக்க வேண்டும். கப்ரி பிரெஞ்சுக்காரரின் ஹெலி, அதில் எல்லாம் மறுவளம்: மூக்கு இடப்பக்கம் ஓடும், வலது பெடலை மிதிக்க வேண்டும். இந்த இழுபறி இல்லாவிட்டால் அது ஹெலி இல்லை, லிஃப்ட்.

"சரி, 1,500 அடிக்கு ஏறி எஞ்சினை நிப்பாட்டு."

நிறுத்தினேன். உண்மையான ஹெலியில் எஞ்சின் நின்றால் தகடுகளின் வேகம் ஓரிரு விநாடிக்குள் விழத் தொடங்கும். உடனே கொலெக்டிவ்வைக் கீழே அமுக்கினால், விழுகிற ஹெலிக்குக் கீழிருந்து வருகிற காற்றே தகடுகளைச் சுழற்றி வைத்திருக்கும். அந்தச் சுழற்சியை நிலத்துக்கு அருகில் செலவழித்து மெல்ல இறங்கலாம். ஓட்டோரொட்டேசன் என்பார்கள், ஹெலி பழகுகிறவனின் உயிர்ப் பாடம் அது. என் ஹெலியில் எஞ்சின் சத்தம் நின்றது. தகடுகளின் வேகத்தைக் காட்டுகிற முள் 100இலேயே நின்றது. எஞ்சின் இல்லாத ஹெலி கீரிமலைக் கடலுக்கு மேலே கோயில் கொடி மாதிரி ஆறுதலாக நின்றுகொண்டிருந்தது.

அண்ணா சிரிக்கவில்லை. "மற்ற ரெஸ்டுக்கு வேலையில்லை. கொம்யூனிட்டி ஃபோல்டரைத் திற" என்றார்.

அதற்குள் ஒவ்வொரு அட்-ஒன்னுக்கும் ஒரு கோப்புறை. அதில் விமானத்தின் விபரம் எழுதிய எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கும், நோட்பேடில் திறக்கலாம். திறந்தேன். என்ன வகை என்று எழுதும் வரியில் "ஏர்பிளேன்" என்று இருந்தது. எஞ்சின் கோப்பில் எஞ்சின் வகைக்கு எதிரே 5. ஹெலி டர்பைனுக்கு அந்த இடத்தில் 3 இருக்கும். 5 என்றால் டர்போப்ரொப். சென்னையில் இருந்து பலாலிக்கு வந்து போகிற ஏ.ரி.ஆர். விமானத்துக்குப் பூட்டியிருப்பது அந்த வகை எஞ்சின்தான். அதாவது ஒரு விமானத்துக்கு ஹெலியின் சட்டையைப் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சிமுலேட்டரில் ஹெலிக்கு இடமில்லாத காலத்தில், 2022க்கு முந்தி, ஆசைக்கு ஆட்கள் இப்படிச் செய்து இலவசமாகப் பகிர்ந்தார்கள். அது குற்றமில்லை. உள்கோப்புறை ஒன்றில் அழிக்க மறந்த குறிப்புக் கோப்பும் கிடந்தது: இலவசமாகத் தருகிறேன், யாரும் விற்கக் கூடாது என்று செய்தவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைத்தான் 24,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். முறையான ஹெலி அட்-ஒன்கள் பெரும்பாலும் 20 டொலரில் இருந்து 50 டொலருக்குள் கிடைக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கொலெக்டிவ் பிடியின் கதை இன்னும் கேவலம். பிவிசி குழாய்க்குக் கறுப்புப் பெயின்ட். அடியில் மலிவான கேம்பேட் ஒன்றின் போர்டு, அதில் ஒட்டிய ஒரு வொல்யூம் கொன்ட்ரோல். பிடியை எந்த உயரத்தில் விட்டாலும் அந்த உயரத்தில் நிற்க வேண்டும், அதற்கு இறுக்கம் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று வேண்டும். இதில் கையை விட்டால் பிடி தொப்பென்று விழும். விண்டோஸில் ஜோய்ஸ்டிக் சோதிக்கிற பக்கத்தைத் திறந்தால், யாரும் தொடாமலே பிடியின் நிலையைக் காட்டுகிற கோடு காற்றில் வைத்த விளக்கு மாதிரி நடுங்கியது.

சரி, கடைக்குப் போனேன். முதல் தரம் "உங்கட கொம்பியூட்டரின்ர கிராஃபிக்ஸ் கார்ட் காணாது அண்ணை" என்றார். இரண்டாம் தரம் "ட்ரைவர் போடோணும்." மூன்றாம் தரம், "அண்ணை, பிடியைத் தாங்கோ, திருத்தி வைக்கிறன், அடுத்த கிழமை வாங்கோ." கொடுத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது மடைத்தனம். பிடியைக் கொடுத்ததற்கும் பற்றுத்துண்டு வாங்கவில்லை. அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை, பிறகு மகா சிவராத்திரி, பிறகு "ஆள் கொழும்புக்குப் போட்டார்." அட்-ஒன் காசைக் கேட்டால் "சொப்ட்வெயார் வித்தா வித்ததுதான் அண்ணை, அது நீங்கள் பாவிச்ச சாமான்." பங்குனி நடுப்பகுதியில் என் இலக்கத்தை புளொக் பண்ணிவிட்டார்.

இந்த இழுத்தடிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். "அடுத்த கிழமை" என்று பன்னிரண்டு தரம் சொன்னால் கிட்டத்தட்ட மூன்று மாதம் போய்விடும். நான் பதினோராவது கிழமையில் பதிவுத் தபாலில் போட்டேன். பில், கோப்புகளின் படம், வட்ஸ்அப் உரையாடல் எல்லாம் வைத்தேன். அதிகார சபையின் தொலைபேசி 1977. இன்னும் பதில் வரவில்லை. பில்லில் "கேம் சாமான்" என்று இருப்பதுதான் எனக்குப் பெரிய தலையிடி. ஹெலி என்று எழுதித் தராதவன் ஹெலி விற்கவில்லை என்று சொல்லலாம்தானே.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பத்து நிமிடம் மினைக்கெடுங்கள். உதவி செட்டிங் எல்லாவற்றையும் உங்கள் கையால் நிறுத்துங்கள். பெடலைத் தொடாமல் கொலெக்டிவ்வைத் தூக்கி மூக்கைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தித் தகட்டு வேக முள் விழுகிறதா என்று பாருங்கள். என் அண்ணா செய்ய விடாத மூன்றாவது ரெஸ்டையும் செய்யுங்கள்: உயரத்தில் நின்று, முன்னுக்குப் போகிற வேகம் 30 நொட்டுக்குக் கீழே இருக்க, எஞ்சின் பலத்தோடு நேரே கீழே வேகமாக இறக்குங்கள். நிமிடத்துக்கு 300 அடிக்கு மேலே போனால் நல்ல ஹெலி தன் காற்றுச் சுழிக்குள் தானே விழுந்து நடுங்கத் தொடங்கும், கொலெக்டிவ்வைத் தூக்கத் தூக்க இன்னும் வேகமாக விழும். இதைச் செய்யாத ஹெலியை விற்கிறவர் எவ்வளவு மரியாதையாகக் கதைத்தாலும் எழும்பி வாருங்கள். அட்-ஒன் உங்கள் பெயரில் உள்ள கணக்கில்தான் வாங்கப்பட வேண்டும், பென்டிரைவில் கொப்பி பண்ணித் தந்தால் வேண்டாம்.

நான் திரும்பவும் கப்ரிக்கே வந்துவிட்டேன். போன ஞாயிறு நாற்பது விநாடி நிறுத்தினேன்.

இன்னொரு விசயம். என் பிடி இன்னும் அந்தக் கடையில்தான், இல்லாவிட்டால் வேறு யாருக்கோ போயிருக்கும். மருமகள் அதன் அடியில் ஒரு மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், தோகையில் பாதி கிழிந்தது. யாருக்காவது "புத்தம் புதிய கொலெக்டிவ்" என்று காட்டினால் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள். மயில் இருந்தால் அது என்னுடையது.