சுண்டெலியின் மண்டையோடு: வெட்டுவதா, தேய்ப்பதா, தெளியவைப்பதா?

வளர்ந்த சுண்டெலியின் மண்டையோடு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனம்தான். ஆனாலும் மூளையின் ரத்தக்குழாய்களை ஒளியால் படம்பிடிக்க விடாமல் தடுப்பது அதுவே. எலும்பின் ஒளிவிலகல் எண் 1.55-ஐ ஒட்டியது, அதன் நுண்துளைகளில் உள்ள நீருக்கு 1.33. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுகிறது.

எலும்பை எடுத்துவிடலாம், மெலிதாகத் தேய்க்கலாம், அப்படியே விட்டு மருந்தால் தெளியவைக்கலாம், அதாவது ஒளி ஊடுருவும்படி செய்யலாம். ரத்த ஓட்டம்தான் கேள்வி என்றால் மூன்றாவதைத்தான் முதலில் முயல வேண்டும்.

கண்ணாடிச் சன்னல்: 3 முதல் 5 மி.மீ. விட்டத்துக்கு எலும்பை வட்டமாக எடுத்து, கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு) பதித்து, டென்டல் சிமென்ட்டால் அடைப்பது. டூ-ஃபோட்டானில் (திசுவுக்குள் ஆழமாகப் பார்க்கும் லேசர் நுண்ணோக்கி) அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கும் கீழே உள்ள நுண்குழாய்கள் வேண்டுமானால் இதற்கு மாற்றில்லை. எலும்பைத் தூக்கும் கணத்தில்தான் பெரும்பாலும் கெடும். டியூராவோடு (மூளையை மூடியிருக்கும் கெட்டியான உறை) ஒட்டிய சிறு குழாய் கிழிந்தால் ரத்தம் கண்ணாடிக்கு அடியில் படர்ந்துவிடும். அது நடக்காவிட்டாலும் அழற்சி அடங்க 2, 3 வாரம் காத்திருக்க வேண்டும். சன்னலின் வகையைப் பொறுத்து நரம்பு முட்கள் (நரம்புச் செல்களின் கிளைகளில் உள்ள நுண்ணிய முனைப்புகள்) தோன்றி மறையும் வேகமே மாறுவதாக 2007-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் காட்டினார்கள். அழற்சி உள்ள இடத்தில் அளந்த குழாய் விட்டத்தை இயல்பானது என்று எழுதக் கூடாது.

தேய்த்தல்: சுமார் 20 மைக்ரான் வரை மெலிதாக்குவது. டிரில்லைச் சில நொடிகள் ஓட்டி, நிறுத்தி, சலைன் (உப்புநீர்) விட்டுக் குளிரவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடு கீழே இறங்கி மூளையைத் தாக்கும். அழுத்தினால் மெலிந்த எலும்பு வளைந்து கீழுள்ள குழாயை நசுக்கும். எலும்பு மறுபடி வளர்வதால் அடுத்த முறை திரும்பவும் தேய்க்க நேரும். 2010-இல் வந்த முறை இதற்கு விடை கண்டது: 10-15 மைக்ரானுக்குத் தேய்த்து, டின் ஆக்ஸைடு பொடியால் மெருகேற்றி, சயனோஅக்ரிலேட் பசையால் கவர்ஸ்லிப்பை ஒட்டிவிடுவது. மாதக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்க்க இது நம்பகமானது. ஆனால் கைப்பழக்கம் கேட்கும். அகலமான பரப்பைச் சீராகத் தேய்ப்பது மிகக் கடினம்.

தெளியவைத்தல்: வூஹானில் ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டான் ஜூ குழு 2018-இல் வெளியிட்ட கரைசல் ஜோடி எளியது. முதல் கரைசலுக்கு 75% எத்தனால் 10 மி.லி.க்கு யூரியா 3 கிராம் என்று கலக்கி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவதற்கு 0.7 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 24 மி.லி.க்கு டோடெசில்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் 5 கிராம், பிஹெச் 7.2-8.0-க்குள் நிற்க வேண்டும். மயக்கம் கொடுத்து, தோலை விலக்கி, எலும்பின் மேல் படலத்தைச் சுத்தமாகச் சுரண்டிய பிறகு முதலாவது சுமார் 10 நிமிடம், ஒற்றி எடுத்துவிட்டு இரண்டாவது 5 நிமிடம். மங்கலான வெள்ளை எலும்பில் முதலில் பெரிய சிரைகள் கோடாகத் தெரியும், பிறகு கிளைகள் ஒவ்வொன்றாக எழும். ஓரிடம் மட்டும் பால்போல் நின்றால் அங்கே படலம் மிச்சமிருக்கிறது, அல்லது குமிழி சிக்கியிருக்கிறது. கரைசல் கண்ணுக்கோ தசைக்கோ வழியாதபடி சுற்றிலும் டென்டல் சிமென்ட்டால் வரப்பு கட்டுவது அவசியம்.

கொலாஜினேஸ் (எலும்பின் புரதத்தைச் சிதைக்கும் நொதி), ஈடிடிஏ, கிளிசரால் என்று ஒன்றன்பின் ஒன்றாக இட்டுத் தெளியவைக்கும் வரிசையும் உண்டு. அதில் டூ-ஃபோட்டான் கால் மில்லிமீட்டர் ஆழம்வரை போகும். ஆனால் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடுங்குகிறது. எலியின் வயதுக்கேற்ப நேரத்தை மாற்றியாக வேண்டும். 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம் கொண்டு உச்சந்தலைத் தோலைத் தெளியவைத்தார்கள். அழகான வேலை, ஆனால் அது தோலுக்கானது. எலும்பின் தடை அப்படியே இருக்கிறது.

லேசர் ஸ்பெக்கிளில், அதாவது லேசர் ஒளி சிதறி உண்டாக்கும் புள்ளிக்கோலம் ரத்தம் ஓடுவதால் மங்குவதை வைத்து, ஓட்டத்தை அளப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அசையாத எலும்பிலிருந்து வரும் சிதறல் ஸ்பெக்கிள் கான்ட்ராஸ்ட்டை (அந்தப் புள்ளிகளின் துலக்கத்தை) உயர்த்திக் காட்டும். ஓட்டத்தைக் கான்ட்ராஸ்ட்டின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் கணக்கிடுவதால், எலும்பு மூடியிருக்கும்போது ஓட்டம் குறைவாகத் தெரியும். தெளியவைத்ததும் எண் ஏறும். அங்கே ரத்தம் வேகமெடுக்கவில்லை, தடை விலகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அடிப்படை அளவை, கரைசல் முழுதாக வேலை செய்து படம் நிலைத்த பிறகே எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போதும் அதே நேரம், அதே அளவு கரைசல். இல்லாவிட்டால் பக்கவாதம் உண்டாக்கிய எலியில் ஓட்டம் மீண்டதா, எலும்பு இன்னும் கொஞ்சம் தெளிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தேய்த்த சன்னலிலும் இதே சிக்கல் உண்டு: ஓரம் கனமாக இருந்தால் அங்கே ஓட்டம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

வேலை முடிந்ததும் சலைன் விட்டுக் கழுவினால் சன்னல் மூடிக்கொள்ளும், எலும்பு பழைய வெள்ளைக்குத் திரும்பும். எஞ்சிய கரைசல் போகும்வரை பலமுறை கழுவித் துடைத்த பிறகே தோலைத் தைக்க வேண்டும். இரண்டாவது கரைசல் சோப்பு வகை என்பதால், மிச்சமிருந்தால் தையல் ஓரம் புண்ணாகும். அடுத்த முறை திறக்க நல்ல தோல் இருக்காது.