கூரை சேதத்தை போட்டோ எடுத்து கிளைம் வாங்கித் தருகிறோம் என்றார்கள், 18,500 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மதியம்தான் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கேட்டது 74,000. பாஸ் ஆனது 26,000. அதையாவது விதி என்று விடலாம். முழுசாக வாங்கித் தருகிறோம் என்று சொன்ன ஒரு ஆன்லைன் சேவைக்கு 18,500 ரூபாய் கட்டினேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வீடு கோட்டக்குப்பத்தில். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைக்கு மேலேயே கரையைக் கடந்தது போலத்தான் இருந்தது. 2011-இல் வந்த 'தானே' புயல் அடித்துவிட்டுப் போய்விட்டது. இது நகராமல் உட்கார்ந்துகொண்டு கொட்டியது. பக்கத்தில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீட்டருக்கு மேல் மழை. மொட்டை மாடியில் கலர் ஷீட் போட்ட ரூமில் 26 ஷீட்டுக்கு 17 ஷீட் பிய்ந்து, பாதி எங்கள் சந்திலும் பாதி பக்கத்து மனையிலும் கிடந்தன. வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கி சேர்த்துக்கொடுத்த பாலிசி இருந்தது. புயலுக்கும் சேர்த்துத்தான் அது. அதனால் மனசில் ஒரு தைரியம்.

எதிர் வீட்டு பாய் மறுநாள் காலையிலேயே, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரத்தில், உடைந்த ஓட்டுப் பக்கத்தில் இன்ச் டேப்பை நீட்டி வைத்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "நீயும் எடுத்து வைம்மா, எதையும் நகர்த்தாதே" என்றார். கேட்டேனா? அதற்குள் நான்தான் அந்த ஆன்லைன் சேவையின் விளம்பரத்தைத் தட்டிவிட்டிருந்தேனே. ட்ரோன் போட்டோ, சேத அறிக்கை, கிளைம் முடியும்வரை உதவி. அட்வான்ஸ் 8,500, ரிப்போர்ட் கைக்கு வந்ததும் 10,000.

மூன்றாம் நாள் அவர்களிடமிருந்து ஒரு பையன் வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தூறலில் நனைந்துகொண்டே ஏணியில் ஏறினான். இறங்கி வந்து டீயை வாங்கிக்கொண்டு, "எங்க வீடும் போச்சுக்கா, திண்டிவனம் பக்கம்தான். அம்மா ஸ்கூல்ல தங்கியிருக்காங்க" என்றான். உண்மையோ பொய்யோ, இன்றுவரை தெரியாது. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அப்புறம் அவன் சொன்னதுதான் என் தலையில் கல்: "கீழ கிடக்குற ஷீட்டையெல்லாம் எடுத்துடுங்கக்கா. மேலேருந்து எடுக்கும்போது நீட்டா வரணும்."

எடுத்தோம். ஆறு ஷீட்டைச் சுவரோரம் சாத்திவிட்டு, மீதி பதினொன்றைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போட்டோம். 2,300 கிடைத்தது. அந்த ஷீட்டில்தான் என் கிளைமே இருந்தது என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. 32 படம், கலர் அட்டை, பக்கத்துக்குப் பக்கம் 'கடுமையான சேதம்'. பார்க்கப் பிரமாதமாக இருந்ததால் உடனே மீதி 10,000-ஐயும் அனுப்பிவிட்டேன். மொத்தம் 18,500.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். நல்ல மனுஷர், அதட்டவில்லை. ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நிறுத்தி, "உங்க டேங்க் என்ன கலர்மா?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் டேங்க் கறுப்பு. படத்தில் இருந்தது நீலம். உட்கார்ந்து எண்ணினோம்: 32-இல் 9 படம் எங்கள் வீடே இல்லை. மீதியும் உயரத்திலிருந்து எடுத்தவை. எடுத்த தேதி எதிலும் இல்லை, கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

சுவரோரம் இருந்த ஒரு ஷீட்டைத் திருப்பி ஸ்க்ரூ ஓட்டையைக் காட்டினார். காற்று தூக்கி இழுத்திருந்தால் ஓட்டை நீளமாகக் கிழிந்து, விளிம்பு தகரம் பளபளவென்று இருக்கும். துருப்பிடித்து விட்டிருந்தால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். எங்களுடையது சுத்தமாகக் கிழிந்திருந்தது, புயல்தான் என்று அவரே எழுதிக்கொண்டார். ஆனால் ஆறு ஷீட்டுக்குத்தான் அப்படி எழுத முடியும். போன பதினொன்றுக்கு எதைக் காட்டுவது? போதாததற்கு, பழைய சுவர் விரிசலையும் புயல் சேதம் என்று அந்த ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. நான் பொய் சொன்னதுபோல ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே அந்தச் சேவைக்கு போன் போட்டேன். "டீம்கிட்ட சொல்லியிருக்கோம் மேடம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன். "டிக்கெட் ஓப்பன்ல இருக்கு மேடம்." நான்காவது முறை ஒரு பெண் எடுத்து, ரிப்போர்ட் டெலிவரி ஆகிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். ஒன்பது படம் வேறு வீடு என்றேன். "அது ரெஃபரன்ஸ் இமேஜ் மேடம்." ரெஃபரன்ஸாம்! 18,500 வாங்கிக்கொண்டு யார் வீட்டுக் கூரையையோ எனக்கு ரெஃபரன்ஸ் காட்டுகிறார்கள். அந்தப் பையனின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எதையும் நகர்த்துவதற்கு முன் நீங்களே போனில் எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் டேப் வைத்து ஒன்று. படங்களை வாட்ஸ்அப்பில் மட்டும் வைக்காதீர்கள், அதில் தேதியும் இடமும் அழிந்துவிடும். போனில் இருக்கும் ஒரிஜினல் முக்கியம். மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போடலாம், அந்த பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்ததை சர்வேயர் பார்க்கும்வரை விற்காதீர்கள். சர்வேயருக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி, நாம் இல்லை. கிளைமை அநியாயமாகக் குறைத்தால் முதலில் கம்பெனிக்கே எழுதி, அதற்கப்புறம் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அங்கே கட்டணம் கிடையாது. இடையில் ஆளே வேண்டாம்.

தார்ப்பாய் கட்டுகிறவர் வந்து கீழே நிற்கிறார். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.