38-ஆம் இடமும் 2.6 நாளும்: உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் அட்டவணை பற்றி ஒரு கிளியரிங் ஆள்

போன மாதம் கரூரிலிருந்து எங்கள் பழைய பார்ட்டி ஒருவர் போன் செய்தார். மேசை விரிப்பு, திரைச்சீலை, கிச்சன் டவல் என்று ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். "அண்ணா, ஜெர்மன் பையர் ஒரு ஸ்லைடு அனுப்பியிருக்காருங்க. இந்தியத் துறைமுகத்துல கன்டெய்னர் 2.6 நாள்தான் நிக்குதாம், உலக வங்கியே சொல்லுதாம். அப்புறம் எதுக்கு லீட் டைம்ல, அதான் ஆர்டர்லேருந்து சரக்கு கைக்கு வர்ற நாள் கணக்குல, ஒரு வாரம் சேர்த்துப் போடுறீங்கன்னு கேக்கறாரு. என்னங்க பதில் சொல்றது?"

நான் தூத்துக்குடியில் ஒரு சின்ன கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆபீஸில் இருபது வருடமாக இருக்கிறேன். ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிப் பத்திரம் போடுவது, எல்.இ.ஓ. என்ற சுங்க ஏற்றுமதி அனுமதி வாங்குவது, கப்பலுக்கான கடைசி நேரம் (கட்-ஆஃப்) தவறாமல் பெட்டியைக் கேட்டுக்குள் தள்ளுவது, இதுதான் பிழைப்பு. இந்த ரேங்க் சமாச்சாரம் எல்லாம் பேப்பரில் பார்த்ததோடு சரி. ஆனால் அதையே காட்டி என் பார்ட்டியின் சட்டையைப் பிடிக்கிறார்கள் என்றானபின் சும்மா இருக்க முடியவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நாடுகளின் சரக்குப் போக்குவரத்தை மதிப்பிட்டு ரேங்க் போடும் உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் அட்டவணையின் 2023 பதிப்பைப் படித்தேன். செல்போனுக்கும் ஹோட்டலுக்கும் ரிவ்யூ எழுதுகிற மாதிரி இதற்கும் எழுதலாமே என்று தோன்றியது. இதுவும் ஒரு பொருள்தான், நாடுகளின் மந்திரிகளே இதற்கு வாடிக்கையாளர்கள்.

விலை: இலவசம். உலக வங்கியின் தளத்தில் அறிக்கையும் எக்ஸெல் ஷீட்டும் அப்படியே கிடக்கின்றன. மெம்பர்ஷிப், ஓ.டி.பி. தொல்லை எதுவும் கிடையாது. இதற்கே ஒரு மார்க் கொடுத்துவிடலாம், நம் ஊர் வெப்சைட் சிலவற்றோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனுக்கு அந்த அருமை தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது? 2007-இல் தொடங்கி 2010, 2012, 2014, 2016, 2018, அப்புறம் கொரோனா இடைவெளி விட்டு 2023 என்று ஏழு பதிப்பு. 2023-இல் 139 நாடுகள். சுங்கம், சாலை-துறைமுகக் கட்டமைப்பு, கப்பல் அனுப்பல் கட்டுபடியாகும் விலையில் கிடைக்கிறதா, ஆட்களின் தொழில்திறன், சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வசதி, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவது என ஆறு விஷயங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆறையும் சேர்த்து ஒரே எண். சிங்கப்பூர் 4.3 வாங்கி முதலிடம், பின்லாந்து 4.2. இந்தியா 3.4, இடம் 38.

சரி, இந்த மதிப்பெண்ணை யார் போட்டது? இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். துறைமுகத்தில் யாரும் கடிகாரத்தோடு நிற்கவில்லை. பல நாடுகளில் இருக்கும் ஃபார்வர்டர்களுக்கும் (சரக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட்கள்) கூரியர் கம்பெனிக்காரர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் சரக்கு அனுப்பும் எட்டு வெளிநாடுகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். தரவரிசைக்கான கணக்கில் சொந்த நாட்டுக்கு மார்க் போட முடியாது. 2023 பதிப்புக்கு 115 நாடுகளிலிருந்து பதில் சொன்னவர்கள் 652 பேர், மொத்தம் 4,090 மதிப்பீடுகள். அதாவது இந்தியாவின் 3.4 என்பது துபாயிலோ ஹாம்பர்க்கிலோ உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆட்களின் மனசில் இருக்கும் எண். எங்கள் ஆபீஸ் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நம்மகிட்ட யாருல கேட்டா?" என்றார். கேட்டிருந்தாலும் நாம் ஜெர்மனிக்குத்தான் மார்க் போட்டிருப்போம் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

இதைக் குறையாகவே சொல்லிவிட முடியாது. சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால் ஒன்று பெருமை பேசுவோம், இல்லை ஒரேயடியாகப் புலம்புவோம். வெளியாளுக்கு அந்த இரண்டும் இல்லை. ஆனால் அவனுக்கு மும்பைப் பக்கத்து நாவஷேவாவும் தூத்துக்குடியும் ஒன்றுதான், எல்லாமே இந்தியா. சென்ற முறை அவன் பெட்டி எங்கோ சிக்கியிருந்தால் அந்தக் கடுப்பு மொத்த நாட்டுக்கும் விழும்.

கருத்துக்கணிப்பு என்று தெரிந்தபின் பழைய எண்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 2007-இல் இந்தியா 39. 2014-இல் 54. 2016-இல் 35, மதிப்பெண் 3.42. 2018-இல் 44, மதிப்பெண் 3.18. 2023-இல் 38, மதிப்பெண் 3.4. பதினாறு வருடத்தில் ஒரு படி ஏறியிருக்கிறோம்! அதுவும் 2016-க்கும் 2018-க்கும் நடுவில்தான் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைச் செக்போஸ்ட்கள் போயின, கம்பெனியிலேயே கன்டெய்னருக்கு எலக்ட்ரானிக் சீல் போட்டு அனுப்பும் முறை வந்தது. லாரிக்காரரைக் கேட்டால் ஓசூர் தாண்டுவது எவ்வளவு மாறிவிட்டது என்று கதை கதையாகச் சொல்வார். மதிப்பெண் மட்டும் அந்த நேரத்தில் இறங்கியது. இதை வைத்துக்கொண்டு ஏறினால் பட்டாசும் இறங்கினால் அறிக்கைப் போரும் நடத்துவது எனக்குப் புரியவில்லை. 2022 செப்டம்பரில் வந்த தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை 2030-க்குள் முதல் 25 இடத்துக்குள் வர வேண்டும் என்று இலக்கே வைத்திருக்கிறது. 3.4 வாங்கி அதே 38-இல் துருக்கி, போர்ச்சுகல், சவூதி அரேபியா, லிதுவேனியா என்று ஒரு கும்பலே நிற்கிறது. ஒரு தசமம் கூடினால் பல படி ஏறலாம், குறைந்தால் அதேபோல் சரியலாம். அறிக்கை செய்தவர்கள் இதை மறைக்கவில்லை, எந்த அளவுக்கு முன்னே பின்னே இருக்கலாம் என்று மேல்வரம்பும் கீழ்வரம்பும் போட்டே கொடுக்கிறார்கள். பேப்பர்காரர்கள் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை.

இப்போது பையர் பிடித்துக்கொண்ட அந்த 2.6 நாள். இது 2023-இல் சேர்த்த புதுச் சரக்கு, எனக்கு இந்தப் பொருளிலேயே பிடித்த பகுதியும் இதுதான். கருத்துக் கேட்பதோடு நிற்காமல், கன்டெய்னர்களும் கப்பல்களும் விட்டுச்செல்லும் தடத்தை வைத்து உண்மையிலேயே எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். 2022 மே முதல் அக்டோபர் வரை இந்தியத் துறைமுகங்களில் ஒரு பெட்டி சராசரியாக 2.6 நாள் நின்றது. அமீரகத்தில் 4 நாள், அமெரிக்காவில் 7 நாள். ஜெர்மனியில் 10 நாள். ஆமாம், அதே ஜெர்மனிதான், தரவரிசையில் 3-ஆம் இடம்! கொரோனாவுக்குப் பிந்தைய நெரிசல் காலம் அது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். ஆனாலும் ஒரே அறிக்கைக்குள் மனசு ஒன்று சொல்ல, கடிகாரம் வேறொன்று சொல்கிறது. விசாகப்பட்டினத்தில் சரக்கைப் பின்தொடரும் வசதி வந்தபின் 2015-இல் 32.4 நாளாக இருந்தது 2019-இல் 5.3 ஆனது என்றும் அதில் வருகிறது. இங்கே கன்டெய்னரில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் ஒட்டி, நம்பரைப் போட்டால் எந்த டோல்கேட் தாண்டியது என்று காட்டும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் இருக்கிறதே, நாங்கள் தினமும் பார்ப்பதுதான், நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் 2.6 என்பது சராசரி. சராசரி நாளில் யாருக்கும் நஷ்டம் வருவதில்லை. எங்களுக்குக் கப்பல் தவறும் அந்த ஒரு நாள்தான் கணக்கு.

ஒன்று சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாற்பதடிப் பெட்டி. எல்.இ.ஓ. காலையிலேயே கிடைத்துவிட்டது, பெட்டி நேரத்துக்கு உள்ளே போய்விட்டது, ஃபீடர் என்ற சின்னக் கப்பலும் கிளம்பிவிட்டது. தூத்துக்குடிக் கணக்கில் எல்லாம் கச்சிதம். ஐரோப்பா போகும் பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கிருந்து ஃபீடரில் போய் வேறொரு துறைமுகத்தில் மதர் வெஸ்ஸல் என்ற பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். அங்கே இடம் இல்லை என்று லைன்காரர்கள், அதாவது கப்பல் கம்பெனிக்காரர்கள், எங்கள் பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளி ரோல் ஓவர் செய்தார்கள், அடுத்த வாரமும் செய்தார்கள். 11 நாள். அந்த லைன் பெயர் வேண்டாம், இன்றும் அவர்களிடம்தான் புக்கிங் போடுகிறோம். கிறிஸ்துமஸ் சரக்கு, பையர் தாமதத்துக்குத் தள்ளுபடி கேட்டார், பார்ட்டி பாதியை மறுபடி தைத்து ஏர் ஃப்ரைட்டில் அனுப்பினார். லாபம் போச்சு. இந்த 11 நாள் எந்த நாட்டின் மதிப்பெண்ணில் ஏறியிருக்கும்? இப்படி நடுவில் கப்பல் மாறிப் போகும் இந்தியச் சரக்கில் ஏறக்குறைய முக்கால்வாசி வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறுகிறது என்று அரசே சொல்கிறது, அதில் கொழும்புக்குத்தான் பெரிய பங்கு. 2025 மே மாதம் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்தை முறைப்படி திறந்திருக்கிறார்கள், அது பெரிதாகப் பெரிதாக இது மாறலாம்.

இதன் பழைய அண்ணன் ஒருவரையும் சொல்ல வேண்டும். 'டூயிங் பிசினஸ்' என்று உலக வங்கி வருடா வருடம் விட்ட இன்னொரு ரேங்க். தொழில் தொடங்க எத்தனை நாள், கரன்ட் கனெக்ஷன் வாங்க எத்தனை நாள், ஏற்றுமதிக்கு எத்தனை மணி நேரம் என்று 190 நாடுகளைப் பார்த்தது. இந்தியா 142-இலிருந்து 63-க்கு ஏறியது அதில்தான். எல்லை வணிகம் என்ற தலைப்பில் மட்டும் ஒரே வருடத்தில் 146-இலிருந்து 80-க்குத் தாவினோம். ஆனால் இந்தியா என்று அவர்கள் அளந்தது மும்பையையும் டெல்லியையும் மட்டுமே. சென்னையோ கொச்சியோ தூத்துக்குடியோ அந்தப் படத்திலேயே கிடையாது. பிறகு 2018, 2020 பதிப்புகளில் சீனா, சவூதி, அமீரகம், அஜர்பைஜான் எண்களில் கை வைத்திருந்தது வெளியே வந்தது. 2018 பதிப்பில் 78 என்று காட்டிய சீனா உண்மையில் 85-இல் இருந்திருக்க வேண்டும். 2021 செப்டம்பரில் கடையையே சாத்திவிட்டார்கள். இப்போது அதற்குப் பதில் 'பி-ரெடி' வருகிறது, 2024-இல் 50 நாடுகளோடு தொடங்கியது, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஒட்டுமொத்த ரேங்க் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள், சூடு பட்ட பூனை.

என் போன்றவனுக்கு உண்மையில் பயன்படுவது இவை எதுவும் இல்லை, நம் சுங்கத்துறை வாரியமே போடும் நேர ஆய்வுதான். அதில் யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை, கம்ப்யூட்டரில் பதிவான நேரத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். கடல் வழி இறக்குமதிக்கு 48 மணி நேரம், ஏற்றுமதிக்கு 24 மணி நேரம் என்று இலக்கு. அதில் ஒரு நேர்மையான விஷயம், ஏற்றுமதியில் சுங்க அனுமதி கிடைக்கும் நேரத்தையும், அதற்குப் பிறகு பெட்டி கப்பலேறிப் போகும் வரையான நேரத்தையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். இரண்டாவதுதான் நீளம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், எழுத்தில் பார்க்கும்போது ஒரு திருப்தி. மாநிலங்களை மட்டும் ஒப்பிடும் மத்திய வணிக அமைச்சகத்தின் 'லீட்ஸ்' அறிக்கையும் 2018 முதல் வருகிறது. இப்போது ரேங்க்கை விட்டுவிட்டு வகை பிரிக்கிறார்கள், 2024 அறிக்கையில் கடலோர மாநிலங்களில் தமிழ்நாடு மேல் வகையில் இருந்தது.

செலவுக் கணக்கிலும் இதே கூத்துதான். இந்தியாவின் லாஜிஸ்டிக்ஸ் செலவு ஜி.டி.பி.யில் 13-14 சதவீதம் என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம். கடைசியில் என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் 2021-22-க்கு 7.8 முதல் 8.9 சதவீதம் வருகிறது. இத்தனை வருடம் அந்த 14-ஐச் சொல்லி எத்தனை திட்டம் போட்டார்களோ.

என் மதிப்பெண் 5-க்கு 3.2. அவர்கள் மாதிரி நானும் ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். காலேஜ் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள் ரேங்க் பட்டியலைத் தாண்டி எக்ஸெல் ஷீட்டுக்குள் போனால் நல்ல சரக்கு கிடைக்கும். சப்ளையரிடம் பேரம் பேச இதை எடுக்கிறவர்கள் தயவுசெய்து தங்கள் நாட்டுக்கான எண்களையும் படித்துவிட்டு வரவும்.

கரூர்க்காரருக்கு நான் எழுதிக் கொடுத்த பதில் நான்கே வரிதான். 2.6 நாள் சரி. எங்கள் பெட்டி உங்கள் நாட்டுக்கு வருவதற்கு நடுவே ஒரு துறைமுகத்தில் மாறுகிறது, அங்கே இடம் கிடைக்கும் வாரம் எங்கள் கையில் இல்லை. அதே அறிக்கையில் ஜெர்மனிக்கு 10 நாள் போட்டிருக்கிறது, அதையும் லீட் டைமில் சேர்க்கலாமா என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் நான்கு நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பையர் இறங்கி வந்தார். மூன்று நாள் கழித்து விலையில் கை வைத்தார், அதற்கு என்னிடம் அட்டவணை எதுவும் இல்லை.