ஏற்காடு ஏறி இறங்கக் கறுப்புக் கண்ணாடியா, நிறம் மாறும் கண்ணாடியா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் கூடுகிற எங்கள் சைக்கிள் கூட்டத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும், இரண்டாவது வாரமே கேட்டுவிடுவார்கள்: “அண்ணா, கண்ணுக்கு என்ன வாங்கறதுங்க?” நான் இரண்டையும் போட்டுப் பார்த்தவன். முதல் இரண்டு வருடம் 900 ரூபாய்க்கு வாங்கிய போலரைஸ்டு, அதாவது பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை அடக்குகிற கூலிங் கிளாஸ். போன தை மாதத்திலிருந்து, 4,800 ரூபாய் கொடுத்து வாங்கிய போட்டோக்ரோமிக், அதாவது வெயிலுக்குக் கறுத்து நிழலில் தெளிகிற கண்ணாடி. இன்று யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். ‘யூவி 400’, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று போட்டிருக்க வேண்டும். கறுப்பு நிறத்துக்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால், இருட்டென்று கண்மணி விரிந்துகொடுக்கும், கதிர் தாராளமாக உள்ளே போகும். மேலே சிலுசிலுவென்று இருக்கிறதே என்றும் அசட்டையாக இருக்கக் கூடாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிரினால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். அப்புறம், கண்ணாடியின் ஃபிரேம் முகத்தைச் சுற்றி வளைந்து பக்கவாட்டையும் மூட வேண்டும். செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் லாரிக்குப் பின்னால் ஒருமுறை சைக்கிள் ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலமெல்லாம் வெயிலிலும் புழுதியிலும் காட்டு வேலை செய்த என் பெரியப்பாவுக்குக் கண்ணின் மூக்குப்பக்க ஓரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழிக்கே வந்துவிட்டது. அறுவை செய்துதான் எடுத்தார்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததிலிருந்து இந்த விஷயத்தில் நான் கறார்.

சரி, கறுப்புக் கண்ணாடி. வெட்டவெளியில் அதற்கு நிகர் இல்லை. கூலிங் கிளாஸில் பெரும்பாலானவை 3-ஆம் வகை. வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தைத்தான் உள்ளே விடும். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு அடிவாரத்திலிருந்து கோரிமேடு வழியாக ஊர் திரும்பும்போது கண்ணுக்கு அப்படி ஓர் இதம். போலரைஸ்டு என்றால் முன்னால் போகிற காரின் கண்ணாடியிலிருந்து தெறிக்கிற வெளிச்சமும் கண்ணைக் குத்தாது. சைக்கிள் மீட்டரின் எண்கள் மட்டும் சில கோணத்தில் கறுத்துத் தெரியாமல் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது இன்னொன்று. ஐந்தரைக்குக் கிளம்பும்போது இருட்டு. கண்ணாடி சட்டைப்பையில். மலையேறும்போது வெயில் வந்ததும் போடுவேன், மரத்தடி வந்தால் நெற்றிக்கு ஏற்றுவேன். இறங்கும்போதும் அதே கதை. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு இந்தப் பக்கம் முகத்தில் வெயில், அந்தப் பக்கம் மரநிழல். கறுப்புக் கண்ணாடியோடு நிழலுக்குள் நுழைந்தால் ஒரு கணம் சாலையே காணாமல் போகும். பள்ளமா, உதிர்ந்த இலையா, குரங்கா என்று தெரியாது. அதனால் நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணோடு இறங்குவதே பழக்கமாகிவிட்டது. அப்படி ஒருநாள் 60 அடி பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பூச்சி இடது கண்ணில் நேராக அடித்தது. இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொண்டன. திறந்து பார்க்கையில் சக்கரம் சாலையோர மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மெல்லப் பிடித்து, தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்று, பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக் கழுவினேன். கடுகளவு கறுப்பு இறக்கை ஒன்று கீழ் இமையில் ஒட்டியிருந்தது. கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்தப் பாதைக்கு வேண்டியது எவ்வளவு கறுப்பு என்பது அல்ல, கிளம்பினதிலிருந்து வீடு வரை கழற்றாமல் போட்டிருக்க முடிகிறதா என்பதுதான். காற்றில் கண் வறண்டு நீர் கொட்டுவதும், தூசியும், பூச்சியும் வேகமாக இறங்கும்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் கண்ணாடி நெற்றியில் இருந்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நான்கு ரோடு பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் போட்டோக்ரோமிக்கைக் கையில் கொடுத்து, ஊதா வெளிச்சம் வருகிற சின்ன டார்ச்சை லென்ஸில் அடித்தார் கடைக்காரர். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் ஐம்பது காசு அளவுக்கு வட்டமாகக் கறுத்தது. “நிழலுக்குப் போனா உடனே தெளிஞ்சிரும்ங்க” என்றார். உடனே தெளியாது. கறுக்க அரை நிமிடம் போதும், நன்றாகத் தெளிய மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். வளைவுக்கு வளைவு மாறும் நிழலை எந்தப் போட்டோக்ரோமிக்கும் துரத்திப் பிடிக்காது.

ஆனால் மலையில் நடப்பது வேறு. வெயிலும் நிழலும் கலந்து விழுகிற பாதையில் லென்ஸ் முழுக் கறுப்புக்கும் போகாமல், முழுக்கத் தெளியவும் நேரமில்லாமல், நடுவாந்தரமான ஒரு நிறத்தில் நின்றுவிடுகிறது. நிழலில் பள்ளம் தெரிகிறது, வெயிலில் கண் கூசுவதில்லை. இருட்டில் கிளம்பும்போது வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். அஸ்தம்பட்டியில் மாட்டினால் வீடு திரும்பித்தான் கழற்றுகிறேன்.

குறையும் உண்டு. இந்த லென்ஸுக்கு வெப்பம் ஆகாது: சூட்டில் முழுதாகக் கறுக்காது, குளிரில் அதிகம் கறுத்து மெதுவாகத் தெளியும். அதாவது கறுப்பு வேண்டிய சேலத்து மே மாத வெயிலில் கொஞ்சம் ஏமாற்றும். மார்கழிப் பனிமூட்டத்திலும், மூட்டத்தைத் தாண்டி வருகிற புற ஊதாவுக்கே லேசாகக் கறுத்து, தெளிவு வேண்டிய இடத்தில் மங்கலடிக்கும். அப்படிப்பட்ட நாளில் வேகத்தைக் குறைத்துத்தான் இறங்குகிறேன். வருடங்கள் போகப் போக நிறம் மாறும் சக்தி குறையும் என்பதும் உண்மை. என்னுடையதில் இதுவரை வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் அதற்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

லென்ஸைக் கழற்றி மாற்றுகிற வகையும் இருக்கிறது. நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். வியர்வைக் கையோடு ரோட்டோரம் நின்று மாற்றி மாற்றி, இப்போது தெளிவு லென்ஸ் ஒன்றுதான் கீறலில்லாமல் மிச்சம். எதை வாங்கினாலும் உப்பும் தூசியும் ஒட்டிய லென்ஸைப் பனியனில் துடைக்க வேண்டாம். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

காந்தி ஸ்டேடியத்தில் விடிகாலையில் நடக்கிறவர்களுக்கு 4,800 ரூபாய் செலவு தேவையே இல்லை, விளிம்புள்ள தொப்பி போதும். என் பழைய போலரைஸ்டையும் தூக்கிப் போடவில்லை. மேட்டூர்ப் பக்கம் போகிற நாட்களில் அதைத்தான் மாட்டுகிறேன். நிழலே இல்லாத ரோடு, அணை நிறையத் தண்ணீர், தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில். அந்தக் கூச்சத்தை அது துடைத்தெடுக்கிற மாதிரி என் புதுக் கண்ணாடியால் முடியாது.