சாப்பாட்டுப் பையில் ஒரு ரெக்கார்டர்: ஸூம் எச்1என்

பட்டம் வாங்கிய பிறகு பெயிண்ட் வேலைக்கோ தச்சுப் பட்டறைக்கோ வயலுக்கோ போய்க்கொண்டே பாட்டும் கட்டி, கொஞ்சம் தத்துவமும் படிப்பவர்களின் சங்கடம் இது. காலை பதினோரு மணிக்கு மெட்டு வரும், கையில் பட்டித் தகடு இருக்கும். இரவு ஏழு மணிக்கு நேரம் இருக்கும், விரல் ஒத்துழைக்காது. பதினோரு மணிக்கு வந்ததை ஏழு மணி வரைக்கும் கெடாமல் வைத்திருக்க ஒரு டப்பா வேண்டும். ஸூம் நிறுவனத்தின் எச்1என் என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை அந்த டப்பாவாக மட்டுமே இங்கே எடை போடுகிறோம். ஸ்டூடியோக் கருவியாகப் பார்த்தால் இதைவிட நல்லவை நிறைய உண்டு.

செல்போனிலேயே பதியலாமே என்பது நியாயமான கேள்விதான். ஒலித் தரத்தில் இன்றைய போன்கள் மோசமில்லை. ஆனால் சிமெண்ட் படிந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது. திறந்ததும் நாலு வாட்ஸப் செய்தி கண்ணில் பட்டால் வந்த மெட்டு போயே போய்விடும். எச்1என்னில் முகப்பின் நடுவே பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. உறை போட்ட கையாலும் அழுத்தலாம். தலைமாட்டில் பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட்ட திருகு ஒன்று, உள்வாங்கும் அளவைக் கூட்டிக் குறைக்க. மெனுவுக்குள் போகாமலே அன்றாட வேலை முடிந்துவிடும். 2018-இல் வந்த மாடல், இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடுகிறது. அல்கலைன் போட்டால் சுமார் 10 மணி நேரம் என்கிறது நிறுவனம். சார்ஜ் செய்யும் பேட்டரி போடுவதானால் அமைப்பில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள். அது 1.2 வோல்ட் என்பதால், மாற்றாவிட்டால் மீட்டர் காட்டும் கணக்கு தப்பாகும்.

மெமரி கார்டு 32 ஜிபி வரைதான் ஏற்கும். இந்த உபயோகத்துக்கு அது தாராளம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக்கோப்பு) நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, அதாவது 32 ஜிபியில் 50 மணி நேரத்துக்கு மேல். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் நிமிடத்துக்கு 34 எம்பிக்கு மேல் விழுங்கும். வெறும் மெட்டுக் குறிப்புக்கு அது வீண். பேச்சுக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3 (சுருக்கிய கோப்பு) போதும், ஒரு மணி நேரமே 60 எம்பிக்குள் அடங்கும். கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் கருவியிலேயே செய்வது நல்லது. பதிவு ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால் வேவ் கோப்பு முழுமையாக மூடப்படாமல் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

எந்த வேலையில் இது பயன்படும்? சுவருக்கு இரண்டாம் கோட் அடிப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, களை எடுப்பது, மடை மாற்றி நீர் பாய்ச்சுவது: இவற்றில் கை பழகிவிட்டால் மனசு தன் போக்கில் ஓடும். வட்ட ரம்பம், கிரைண்டர், சாரத்தின் மேல் நிற்பது ஆகியவற்றில் யோசனையே கூடாது, அங்கே ரெக்கார்டர் பையை விட்டு வெளியே வரவும் கூடாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாள் கூலி வேலையில் யோசிக்க இடம் இருக்கும், எண்ணிக்கைக்குக் கூலி என்றால் இருக்காது. தத்துவ ஆசிரியையான சிமோன் வெய்ல் 1934 டிசம்பரில் பாரிஸின் அல்ஸ்தோம் தொழிற்சாலையில் எண்ணிக்கைக் கூலிக்குச் சேர்ந்தார். அங்கே சோர்வு மனிதனை யோசிக்காமல் இருக்கவே தூண்டுகிறது என்று நாட்குறிப்பில் எழுதினார். உடலுழைப்பு தானாகவே சிந்தனையை வளர்க்கும் என்று நம்பி வேலைக்குப் போகிறவர்கள் இதை முதலில் யோசிக்கட்டும். உங்கள் வேலை எண்ணிக்கைக் கூலி என்றால் இந்தக் கருவியை வாங்காதீர்கள், காசு வீண்.

யோசனைகளைப் பதிய ஒரு கட்டுப்பாடு தேவை. ஒரு கோப்பு, ஒரு எண்ணம், அதிகபட்சம் 90 விநாடி. முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கட்டும்: ‘கூலிக்கு நான் விற்பது நேரத்தையா, திறமையையா?’ பிறகு உங்கள் பதில். அடுத்த இடைவேளையில் அந்தப் பதிலுக்கு ஒரு மறுப்பு மட்டும் தனிக் கோப்பாக: ‘நேரத்தைத்தான் என்றால், அதே நாளில் இரண்டு மடங்கு சுவர் முடிப்பவனுக்கும் அதே கூலியா?’ இப்படிக் கேள்வியும் மறுப்பும் சேர்ந்து கிடந்தால் மாலையில் எழுத ஏதாவது மிஞ்சும். ஐந்து நிமிடம் பேசிவிட்டால் அது புலம்பலாகத்தான் முடியும், திரும்பக் கேட்க உங்களுக்கே பிடிக்காது. கருவியின் தேதி, நேரத்தைச் சரியாக வைத்திருந்தால் எது முந்தியது எது பிந்தியது என்ற குழப்பம் வராது.

மாலையில் 20 நிமிடம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். இந்த 20 நிமிடம் இல்லையென்றால் மற்றதெல்லாம் குப்பை சேர்ப்பதுதான். பேச்சுக் கோப்புகளை 150 சதவீத வேகத்தில் ஓட்டலாம், அந்த வசதி கருவியிலேயே இருக்கிறது. தேறுவதை நோட்டில் நாலு வரி எழுதிவிட்டுக் கோப்பை உடனே அழியுங்கள். ஒரு நாளைக்கு ஆறு பதிவுக்கு மேல் போனால் இரண்டாம் வாரமே கேட்பது நின்றுவிடும்.

மெட்டுகளுக்கு வேறு முறை. வெறுமனே முணுமுணுத்துப் பதிந்தால் ஞாயிற்றுக்கிழமை உட்காரும்போது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்றே தெரியாது. அரை இடம் தள்ளித் தொடங்கும் மெட்டு சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்குவதாகக் கேட்டு, பாட்டே வேறாகிவிடும். அதனால் முதலில் ‘ஸ’ பிடித்துப் பாடுங்கள். பிறகு தாளத்தின் பெயரைச் சொல்லி ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தட்டுங்கள். தட்டுவதை நிறுத்தாமல் மெட்டைப் பாடுங்கள். மொத்தம் 40 விநாடிதான். தாளத்தைத் தொடையில் தட்ட வேண்டும். கருவி வைத்த மேசையில் தட்டினால் ஒவ்வொரு அடியும் இடி மாதிரி விழும். உடல் பிளாஸ்டிக் என்பதால் கையில் பிடித்தாலே விரல் நகரும் சத்தம் ஏறும். எச்1என்னின் பெரிய குறை இதுதான். துண்டை நாலாக மடித்து அதன் மேல் வையுங்கள், அல்லது பின்புறத் துளையில் சிறு முக்காலியைப் பொருத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்குச் சில அளவுகள். பாடுபவருக்கு 30 முதல் 45 சென்டிமீட்டர், வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே விலக்கி. வயலினுக்கு ஒரு மீட்டர். புல்லாங்குழலுக்கு ஊதும் காற்று படாத பக்கம். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்குகள் 90 பாகையில் குறுக்கிட்டு நிற்பதால், மிருதங்கத்தின் நடுவை நோக்கி வைத்தால் தொப்பியும் (இடப்பக்கம்) வலந்தலையும் (வலப்பக்கம்) இரு பக்கமாகப் பிரிந்து கேட்கும். உச்ச ஒலி மீட்டரில் கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். 80 ஹெர்ட்ஸ் லோகட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதி) பேச்சுக்கு நல்லது, தொப்பியின் கும்காரத்துக்குக் கெடுதல். அதனால் வாத்தியம் பதியும்போது அணைத்துவிடுங்கள். மைக் தாங்கும் உச்சம் 120 டெசிபல். தவிலும் பறையும் பக்கத்தில் வைத்தால் உடைந்துதான் பதிவாகும், இரண்டு மீட்டராவது தள்ளுங்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாகப் பதியும் ஓவர்டப் வசதி வேவ் கோப்புகளுக்கு உண்டு. ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் பழைய ஒலி மறுபடியும் மைக்கில் ஏறும். இரண்டும் ஒரே கோப்பாகக் கலந்துவிடுவதால் பின்னர் பிரிக்க வழியில்லை. மூலத்தைக் கணினிக்கு நகல் எடுத்த பிறகே தொடங்குங்கள்.

இனி கருவி தீர்க்க முடியாத இரண்டு விஷயங்கள், காதும் கையும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஆங்கிள் கிரைண்டர் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும், அங்கே 15 நிமிடம்தான். அதற்கு மேல் காதடைப்பான் இல்லாமல் நின்றால் அன்றைக்கு இரவு மேல்ஸ்தாயி மங்கலாகக் கேட்கும். அந்தக் காதோடு மிக்ஸிங் (பதிந்த ஒலிகளைச் சேர்த்துச் சரிசெய்வது) செய்தால் ட்ரெபிளை, அதாவது கீச்சொலியை, ஏற்றி வைப்பீர்கள், மறுநாள் கேட்டால் பல் கூசும். கிரைண்டர் பிடித்த நாளில் மிக்ஸிங் வேண்டாம், வரி எழுதுங்கள்.

கை விஷயத்தில், ஈரச் சிமெண்ட் கடும் காரம், தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். வெடித்த விரல்நுனியால் புல்லாங்குழல் துளையை முழுசாக மூட முடியாது, காற்று கசியும். வயலின் தந்தியில் வெடிப்பு சிக்கும். வேலைக்கு ரப்பர் உறை, முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல். தேங்காய் எண்ணெயை வாசித்து முடித்த பிறகு, படுக்கும் முன் தடவுங்கள். முன்னே தடவினால் தந்தி அழுக்கேறிச் செத்துவிடும். காய்ப்பின் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் பிய்க்காமல் 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். ட்ரில்லோ சுத்தியலோ ஓட்டிய கை மரத்திருக்கும்போது வாசிக்க உட்காராதீர்கள், அழுத்தம் தெரியாமல் மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

தூசிக்கு வருவோம். மைக் தலை திறந்த கூண்டு, சிமெண்ட் மாவும் மரத்தூளும் நேராக உள்ளே போகும். ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாப்பாட்டுப் பையின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். சட்டைப்பையில் வைத்தால் வியர்வை பிடிக்கும். பட்டறை கம்ப்ரஸர் காற்றை மைக்கில் அடித்து ஊதுவது பலர் செய்யும் தப்பு, உள்ளே இருக்கும் சவ்வு கிழியும். மைக்கின் மேல் மாட்டும் பஞ்சுத் தொப்பியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வெளியிடங்களில் அது இல்லாமல் காற்றின் இரைச்சல்தான் கிடைக்கும். பையில் வைக்கும்போது பக்கவாட்டு சுவிட்சை ஹோல்டில் (பொத்தான்களைப் பூட்டும் நிலை) தள்ளுங்கள், எடுத்ததும் விடுவியுங்கள். விடுவிக்காமல் சிவப்பை அழுத்திவிட்டு, பதிவாகிறது என்று நம்பிப் பாடி முடிப்பது அடிக்கடி நடக்கும். திரையில் விநாடி ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

2024-இல் வந்த எச்1 எசென்ஷியலுக்குப் போகலாமா? அது 32 பிட் ஃப்ளோட் (மெல்லிய ஒலியும் பெரிய ஒலியும் ஒன்றாக அடங்கும் பதிவுமுறை), அளவு வைக்கும் திருகே இல்லை, யுஎஸ்பி-சி. அளவு தப்பி வீணாகும் பயம் பெரும்பாலும் போய்விடும். அதிலும் மைக் தாங்கும் எல்லை ஒன்று உண்டு என்பதை மறக்க வேண்டாம். எம்பி3 கிடையாது, 44.1 வேவ் கோப்பே நிமிடத்துக்கு 21 எம்பி. பறை, தவில், கூட்டுப்பாட்டு என்று சத்தம் ஏறி இறங்கும் இடத்தில் பதிபவர்கள் தயங்காமல் அதையே எடுக்கலாம். பேச்சும் முணுமுணுப்புமே முக்கியம் என்பவருக்கு எச்1என் போதும், நல்ல நிலையில் பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. பழையது வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் அமைதியாகப் பதிந்து, ஹெட்போனில் இரு பக்கமும் ஒரே அளவு கேட்கிறதா என்றும் சோதியுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் மைக்கில் ஒன்று போயிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.