பாரிமுனையில் ஒரு மாலை: எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்

வெளியூர் உறவினர்கள் சென்னைக்கு வந்து, எங்கே நன்றாகச் சாப்பிடலாம், எதைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் சொல்லிவிட்டு, மெரினாவில் சற்று நேரம் காற்று வாங்கிவிட்டுப் போங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவையெல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், அதைப் பாரிமுனைக்கும் சவுகார்பேட்டைக்கும் நடுவே நடந்தே செலவழிக்க வேண்டும் என்று நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். இந்நகரத்தின் வணிகம் வேர்விட்ட இடம் அது. வியாபாரத்துக்காகவும் பிழைப்புக்காகவும் வந்து குடியேறிய ஒவ்வொரு கூட்டமும் தன் கோயிலையும் அடுப்பையும் அங்கேயே அடுத்தடுத்த தெருக்களில் வைத்துக்கொண்டதால், சாப்பிடுவதும் ஊரைப் பார்ப்பதும் அங்கே தனித்தனி வேலைகளாக இருப்பதில்லை.

வாகனத்தில் போக வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் திரும்ப எடுக்க முடியாதபடி முன்னும் பின்னும் சரக்கு வண்டிகள் நின்றுவிடும். மெட்ரோ ரயிலில் உயர் நீதிமன்ற நிலையத்திலோ மண்ணடியிலோ இறங்கலாம். புறநகர் ரயிலில் வருகிறவர்களுக்குக் கடற்கரை நிலையம் இருக்கிறது. இந்த மூன்றில் எங்கே இறங்கினாலும் நான் சொல்லப்போகும் இடங்கள் நடக்கும் தொலைவில்தான் உள்ளன.

ஆர்மீனியன் தெருவிலுள்ள ஆர்மீனியத் தேவாலயத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் மாலைக்காகக் காத்திருக்காமல் முற்பகலிலேயே வந்துவிட வேண்டும். பிற்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள். 1772-இல் இன்றைய வடிவத்தில் எழுப்பப்பட்ட அந்தத் தேவாலயத்தில் இப்போது வழிபாட்டுக்கென்று வரும் ஆர்மீனியர் ஏறக்குறைய யாருமில்லை என்றாலும், முற்றத்துத் தரையில் பதிந்திருக்கும் கல்லறைப் பலகைகளின் எழுத்துகள் இன்னும் கூர்மை குறையாமல் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையிலிருந்துதான். அதைத் தொடங்கிய பாதிரியார் அரூத்தியுன் ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேயே உள்ளது. வாசலுக்கு வெளியே ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கும்போது உள்ளே இப்படியொரு முற்றம் இருப்பதைப் பக்கத்துத் தெருக்காரர்களே பலர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677-இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியார் அடிக்கடி வந்துபோன கோயில் என்பதும் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அங்கிருந்து உயர் நீதிமன்றத்தின் பக்கம் திரும்பினால், 1892-இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தின் உயரமான கோபுரம், கடலில் வரும் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் பல காலம் இருந்தது. உள்ளே போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு திருப்தி அடையலாம். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல், செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் கப்பல் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகலாம்.

வெயில் தாழ்ந்தபின் போக வேண்டிய முதல் சாப்பாட்டு இடம், கடற்கரை நிலையத்துக்கு எதிர்ப்புறமாக உள்ளே போகும் இரண்டாவது கடற்கரைச் சாலை. அத்தோ கடைகள் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பின்னர் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் குடியேறினார்கள். சிலர் பர்மா பஜாரில் கடை போட்டார்கள். சிலர் ரங்கூன் தெருக்களில் தாங்கள் சாப்பிட்டுப் பழகியதை இங்கே தள்ளுவண்டியில் வைத்து விற்கத் தொடங்கினார்கள். அப்படி வந்த உணவுதான் அத்தோ.

அதைத் தயாரிப்பதை அருகில் நின்று பார்ப்பதே பாதி விருந்து. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸை ஒரு கைப்பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறத்துக்கு மேலே சற்றுக் கருக வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, அந்தப் பூண்டு வறுபட்ட எண்ணெய், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், உப்பு என்று ஒவ்வொன்றாக விழும். பேஜோ என்னும் மொறுமொறுப்பாகப் பொரித்த தட்டையைக் கையாலேயே நொறுக்கிப் போட்டு, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, கொத்தமல்லி தூவி, விரல்களாலேயே கிளறிச் சில விநாடிகளில் தட்டில் வைத்துவிடுவார்கள். அடுப்பில் ஏறாத உணவு என்பதால் சூடாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சூட்டை ஈடுசெய்யத்தான் கூடவே வாழைத்தண்டு சூப் தருகிறார்கள். மிளகுக் காரத்தோடு இருக்கும் அந்தச் சூப்பை ஒரு வாய், அத்தோவை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் அங்குள்ள வழக்கம். சூப்பைத் தட்டிலேயே ஊற்றிக் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பேஜோவின் மொறுமொறுப்பு போய்விடுகிறது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அத்தோவை விடவும் எனக்குப் பிடித்தது முட்டை மசாலா. அவித்த முட்டையைக் கீறி, அந்தப் பிளவுக்குள் வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் அடைத்து, மிளகாய்த் தூள் தூவி, புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் விட்டுக் கொடுப்பார்கள். அதைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிடாமல் முழுசாக வாயில் போட்டுக்கொண்டால்தான் புளிப்பும் காரமும் மஞ்சள் கருவும் ஒன்றாகச் சேரும். மொய்ங்கா என்னும் நூடுல்ஸ் சூப்பும் கிடைக்கிறது, ஆனால் பர்மாவில் அது மீன் குழம்பில் செய்யும் உணவு, இங்கே பெரும்பாலான கடைகளில் வாழைத்தண்டை வைத்தே முடித்துவிடுகிறார்கள் என்பதால் அத்தோவுக்கு முன்னால் அது சற்று எடுபடாமல் போகிறது. எந்தக் கடை சிறந்தது என்ற கேள்விக்கு, கூட்டம் அதிகமுள்ள கடையே நல்லது என்பதுதான் என் பதில். சீவிய முட்டைக்கோஸும் அவித்த நூடுல்ஸும் நேரம் ஆக ஆக வாடும் பொருள்கள், விற்பனை வேகமாக இருக்கும் கடையில்தான் அவை புதிதாக இருக்கும். முட்டை புழங்கும் அதே கையால்தான் அத்தோவையும் பிசைவார்கள் என்பதைச் சுத்த சைவக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து மேற்கே, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக நடப்பது செரிமானத்துக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. பூக்கடைப் பகுதிக்கு வந்ததும் தேவராஜ முதலி தெருவுக்குள் நுழைந்து, சென்ன கேசவப் பெருமாள் கோயிலையும் அதை ஒட்டியுள்ள சென்ன மல்லீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இப்போது உயர் நீதிமன்றம் நிற்கும் நிலத்தில் முதலில் இருந்த கோயில், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்க்காலத்தில் கோட்டையின் பாதுகாப்புக்காக ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டபின், அதற்கு மாற்றாக 1760-களில் கட்டப்பட்டவை இவை. பெருமாளும் சிவனும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இந்த இரட்டைக் கோயிலைச் சுற்றி, கண்ணாடியும் படச்சட்டமும் விற்கும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளி ராசப்ப செட்டித் தெருவில் வள்ளலார் பாடிய கந்தகோட்டம் இருக்கிறது. அந்தத் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம் முதல் பெயர் தெரியாத வேர்கள் வரை கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போக இதைவிட நல்ல பொருள் வேறில்லை என்பேன்.

அடுத்த நிறுத்தம் என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே உள்ள சீனா பாய் டிபன் சென்டர். மாலையில் தொடங்கி இரவு வெகுநேரம் வரை நடக்கும் இந்தச் சிறிய கடையில் நெய்ப் பொடி இட்லி, நெய் ஊத்தப்பம் என்ற இரண்டுதான். அகலமான தோசைக்கல்லில் வரிசையாக ஊற்றிய சின்னச் சின்ன ஊத்தப்பங்களின்மேல் நெய்யைத் தாராளமாக விட்டு, பொடியைத் தூவி, ஓரம் சிவக்கும்வரை பொறுமையாக வேகவிடுகிறார்கள். பலரும் பொடி இட்லியைத்தான் புகழ்கிறார்கள். எனக்கோ ஊத்தப்பம்தான் ஒரு படி மேல். இட்லி நெய்யை முழுவதும் குடித்துக்கொள்வதால் பாதியிலேயே திகட்டத் தொடங்கிவிடுகிறது. ஊத்தப்பத்திலோ மொறுமொறுப்பான ஓரமும் வெங்காயமும் அந்தத் திகட்டலை அடக்கிவிடுகின்றன. இரண்டு பேர் போனால் இரண்டிலும் ஒவ்வொரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்வது நல்லது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் இடம் இதுவல்ல; தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாகத் தங்கசாலைத் தெரு. குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்து, நகைத் தொழிலிலும் வட்டித் தொழிலிலும் துணி வியாபாரத்திலும் நிலைத்துவிட்ட குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபியைக் கண்ணெதிரே நெய்யில் பிழிந்து, பாகில் முக்கி எடுத்துத் தருகிறார்கள்; அதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்வதில் பொருளில்லை, ஆறிவிட்டால் அதன் நொறுங்கும் தன்மை போய்விடும். வாசலிலேயே நின்று சூட்டோடு சாப்பிட்டுவிட்டு, மேலே ஒரு தம்ளர் பாதாம் பால் குடித்தால் போதும். கச்சோரியும் நன்றாகவே இருக்கும், ஆனால் அத்தோவும் ஊத்தப்பமும் உள்ளே போனபிறகு அதற்கு வயிற்றில் இடமிருக்காது.

இந்தத் தெருவில் தவறவிடக் கூடாத இன்னொன்று முறுக்கு சாண்ட்விச். இரண்டு சின்ன முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றின் மெல்லிய வில்லைகளை வைத்து, பச்சைச் சட்னியைத் தடவித் தருவார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களின் சாட் மசாலாவும் நம் ஊர் முறுக்கும் இந்தத் தெருவில் சந்தித்துக்கொண்டதால் பிறந்த தின்பண்டம் இது. சட்னி ஊறி முறுக்கு நமத்துப்போகும் முன் சாப்பிட்டுவிட வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைன முறையில் வேண்டுமென்று கேட்டால் இந்தப் பகுதிக் கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்; அவ்வகை உணவு தேவைப்படும் விருந்தினர்களை வேறெங்கும் இவ்வளவு நிம்மதியாக அழைத்துச் செல்ல முடியாது.

குறைகளை மறைத்துப் பரிந்துரைப்பது முறையாகாது. நடைபாதை பல இடங்களில் இல்லவே இல்லை. மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிகளும் இருசக்கர வாகனங்களும் ஒதுங்க இடமில்லாமல் மேலேயே வரும். சுத்தமான கழிப்பறை கிடைப்பது மிகக் கடினம், பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய தொல்லை. இத்தனை ஆயிரம் பேர் அன்றாடம் வந்துபோகும் வணிகப் பகுதியில் இந்த அடிப்படை வசதியைக்கூடச் செய்து தராமலிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூட்டுவலி உள்ளவர்களை அழைத்து வருவதானால் முழு வழியையும் நடக்கவைக்காமல், அத்தோ கடைகளை விட்டுவிட்டு ஆட்டோவில் நேராகத் தங்கசாலைத் தெருவுக்குப் போய்விடலாம்.

செலவைப் பொறுத்தவரை, பேரங்காடி உணவகம் ஒன்றில் ஒருவர் சாப்பிடும் தொகையில் இங்கே நான்கு பேர் கொண்ட குடும்பம் தாராளமாகச் சாப்பிட்டுவிடலாம். சில்லறையாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது நல்லது. மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பழைய கட்டடங்களை நிமிர்ந்து பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் அந்தப் பகுதியின் உயிரோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வார நாள்களில் ஐந்து மணிக்குமேல் வர வேண்டும். ரமலான் மாதத்தில் வருகிறவர்கள் மண்ணடிப் பக்கமும் போகலாம், நோன்பு திறக்கும் நேரத்துக்குப்பின் அங்கே தெருவெங்கும் கடைகள் முளைத்துவிடும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களிலும், பெருமழை பெய்து தெருக்களில் தண்ணீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகை நாள்களிலும் மட்டும் இந்தப் பக்கம் விருந்தினர்களை அழைத்து வர வேண்டாம்.